கருவாட்டுக்குத் தடை போட்டால் மட்டும் போதுமா?

கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. அந்த வாசனை தெருக்கோடி வரை வீசுகிறது. நாக்கில் நீர் ஊறாத மீனவர் யாராவது உண்டா?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் கருவாடு வெறும் தொடுகறி அல்ல. அது சேமிப்பு. வலை நிறைந்த நாளில் விற்றது போக மிஞ்சிய மீன் உப்பு ஏறி, வெயிலில் காய்ந்து, பானைக்குள் போகிறது. வலை காய்ந்த நாளில் அது வெளியே வருகிறது.

புயல் மழைக் காலத்தில் தோணி கரையிலேயே கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போதெல்லாம் பழைய சோற்றுக்குத் துணை ஒரு துண்டு சுட்ட கருவாடுதான்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் வந்துவிட்டால் என்ன ஆகும்?

"உப்பைக் குறையுங்கள். கருவாடு கூடாது!" என்று டாக்டர் சொல்கிறார். சீட்டை வாங்கிக்கொண்டு குடும்பம் ஊர் திரும்புகிறது.

உண்மையான சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

திருட்டுக் கருவாடு

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வயதான மாமனார். நாற்பது ஆண்டு வலை இழுத்த கை. அவருக்குத்தான் நோய். மருமகள் பொறுப்பானவள். அவருக்கென்று தனியாக உப்பில்லாத குழம்பு வைக்கிறாள்.

"மாமா, டாக்டர் கருவாடு தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"கருவாடு இல்லாம கஞ்சி எப்படிம்மா எறங்கும்?"

முதல் வாரம் பெரியவர் பொறுத்துக்கொள்கிறார். இரண்டாம் வாரம் பாதிச் சோற்றை மிச்சம் வைக்கிறார். மூன்றாம் வாரம், மருமகள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, அடுப்பில் ஒரு துண்டைச் சுட்டுத் தின்கிறார். அதை ஊறவைக்கவும் இல்லை. கழுவவும் இல்லை. அளவும் இல்லை. பத்து நாள் ஆசை ஒரே நாளில் தீர்கிறது.

மறுநாள் கால் வீங்குகிறது. மூச்சு வாங்குகிறது.

தவறு யாருடையது? பெரியவருடையது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் "கூடாது" என்று ஒரு சொல்லைச் சொன்னவர்கள், "அப்படியானால் எதைத் தின்பது?" என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லையே!

தடை போடுவது எளிது. வழி காட்டுவதுதான் கடினம். நோயாளிக்குத் தேவை இரண்டும்.

முகத்துவாரம் அடைபட்டால்...

சிறுநீரகம் என்ன செய்கிறது என்பதைப் பழவேற்காட்டு மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம் அல்ல. அவர்களுடைய ஏரியே அதற்குப் பாடம்.

பழவேற்காடு ஏரி உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் ஏரி. இந்தியாவிலுள்ள இத்தகைய ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான். ஆரணி ஆறும் காலங்கி ஆறும் நல்ல நீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல் நீர் வந்து போகிறது. முகத்துவாரம் திறந்திருந்தால் ஏரி நன்றாக இருக்கும். மணல் மேடிட்டு அது அடைபட்டால்? கோடையில் நீர் வற்றும். உப்பு ஏறும். மீனும் இறாலும் குறையும்.

மனித உடலுக்கு அந்த முகத்துவாரம்தான் சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வேண்டியதைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டு, வேண்டாததை மட்டும் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இந்த வடிகட்டிகளைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. உடல் வலிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, மாதக் கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் கெடுக்கின்றன. மூன்று மாதத்துக்கு மேல் சிறுநீரகம் பழுதுபட்டே இருந்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள்.

முகத்துவாரம் அடைபட்ட ஏரியில் மேலும் மேலும் உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்? நோயாளியின் உடலிலும் அதுவே நடக்கிறது. உப்பு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. காலும் முகமும் வீங்குகின்றன. இரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ஏறிய கொதிப்பு மிச்சமிருக்கும் வடிகட்டிகளையும் கெடுக்கிறது.

ஒரு துண்டில் ஒரு நாள் உப்பு

ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சாப்பிட்டால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது, தட்டையாக வழித்த ஒரு சிறு தேக்கரண்டி. சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் உச்ச அளவும் இதுதான். சோற்றில், குழம்பில், ஊறுகாயில், அப்பளத்தில், பிஸ்கட்டில் இருப்பதெல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

இப்போது கருவாட்டைப் பாருங்கள். உப்பிட்டுக் காயவைத்த கருவாடு 100 கிராமில் 10 கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். 50 கிராம் துண்டு ஒன்றைச் சுட்டுத் தின்றால், அதிலேயே ஒரு நாள் உப்பு முடிந்துவிட்டது! டாக்டர் "வேண்டாம்" என்று பதறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

உப்பு மட்டும் அல்ல. மீன் காயும்போது தண்ணீர் போய்விடுகிறது. சத்துக்கள் சுண்டி நிற்கின்றன. அதனால் கருவாட்டில் புரதமும் பாஸ்பரசும் பச்சை மீனைவிட அதிகம். முள்ளோடு மெல்லும் நெத்திலியில் பாஸ்பரஸ் இன்னும் கூடுதல்.

பாஸ்பரஸ் நல்ல சத்துதான். ஆனால் பழுதான சிறுநீரகத்தால் மிச்சத்தை வெளியேற்ற முடிவதில்லை. அது இரத்தத்தில் தேங்கினால் உடல் அரிக்கும். எலும்பு வலுவிழக்கும். இரத்தக் குழாய்கள் கெட்டிப்படும்.

பாலின் கருவாடு

"எங்கள் வீட்டில் கருவாடே கிடையாது. பிள்ளைகள் சீஸ்தான் சாப்பிடுகிறார்கள்" என்று பட்டணத்துக் குடும்பங்கள் நிம்மதி அடைய வேண்டாம். சீஸ் என்னும் பாலாடைக்கட்டி வேறு என்ன? அது பாலின் கருவாடு!

மீன் கெடாமல் இருக்க உப்பிட்டு நீரை வற்றவைப்பது போலவே, பால் கெடாமல் இருக்க அதைத் திரித்து, நீரை வடித்து, உப்பிட்டு வைப்பதுதான் சீஸ். புரதம், பாஸ்பரஸ், உப்பு மூன்றும் அதிலும் சுண்டி நிற்கின்றன.

சீஸுக்குப் பேர்போன நாடுகளில் ஒன்று டச்சுக்காரர்களின் ஹாலந்து. அந்த டச்சுக்காரர்களைப் பழவேற்காடு நன்றாக அறியும். 1613-ஆம் ஆண்டில் அவர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் இதுதான். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் ஊரில் இருக்கின்றன. அவர்கள் நாட்டுப் பாலாடைக்கட்டியை உப்பு நீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துவார்கள். பழவேற்காட்டுப் பெண்கள் மீனுக்குச் செய்வதைத்தான் அவர்கள் பாலுக்குச் செய்தார்கள்.

இன்று கடைகளில் மெல்லிய தாள் சுற்றி விற்கும் சீஸ் துண்டு ஒன்றில் அரை கிராமுக்கு மேல் உப்பு இருக்கலாம். அதோடு, பதமாக உருகுவதற்காகப் பாஸ்பேட் உப்புகளையும் சேர்ப்பது உண்டு. மீனிலும் பாலிலும் இயற்கையாக இருக்கும் பாஸ்பரசில் ஒரு பகுதிதான் உடலில் சேரும். இப்படிச் சேர்த்த பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். ஆகவே சிறுநீரக நோயாளிக்கு இந்தத் துண்டு சீஸ் நல்லதல்ல.

ஆசைக்குப் பால்பொருள் வேண்டுமா? வீட்டில் பாலைத் திரித்து, உப்புப் போடாமல் செய்யும் பன்னீர் தேவலை. அதிலும் புரதமும் பாஸ்பரசும் உண்டு. எனவே அளவு வேண்டும். எத்தனை துண்டு என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும்.

பாக்கெட் வாங்கும்போது ஒரு சிறு கணக்கு தெரிந்திருந்தால் போதும். அதில் "சோடியம்" என்று அச்சிட்டிருப்பார்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகூடப் பாட்டிக்கு இதைப் படித்துச் சொல்லலாம்.

மரச் சக்கரமும் ஒரு டாக்டரும்

"சிறுநீரகம் கெட்டால் என்ன? மிஷின் இருக்கிறதே!" என்று சிலர் நினைக்கிறார்கள்.

அந்த மிஷினைத் தந்தவரும் ஒரு டச்சுக்காரர்தான். வில்லெம் கோல்ஃப் என்பது அவர் பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஹாலந்தைப் பிடித்திருந்த காலம். கம்பென் என்ற சிறு ஊரின் ஆஸ்பத்திரியில், 1943-ஆம் ஆண்டில் அவர் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் கருவியை உருவாக்கினார். மர உருளையில், இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோபேன் குழாயைச் சுற்றி, அதற்குள் இரத்தத்தைச் செலுத்தினார். முதலில் வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. 1945-இல், நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் கண் விழித்தார். டயாலிசிஸ் பிறந்தது.

இன்று அது உலகெங்கும் உயிர் காக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இயற்கைச் சிறுநீரகம் வாரத்தில் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. டயாலிசிஸ் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். மொத்தம் 12 மணி நேரந்தான்!

மீதி நேரம் உடலைக் காப்பது சமையலறை.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வாரம் மூன்று நாள் நோயாளியை அழைத்துக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் என்ன பொருள்? போகிறவருக்கு மட்டுமல்ல, துணைக்குப் போகும் மகனுக்கும் அன்று கடல் இல்லை. கடல் இல்லை என்றால் கூலி இல்லை. சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், போன நாள் திரும்பி வராது. அந்த நிலை வருவதை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டாலும் ஒரு குடும்பம் பிழைக்கும்.

வழி என்ன?

நோய் முற்றாத நிலையில் இருப்பவர்களுக்குச் சில எளிய வழிகள் உண்டு. டாக்டரிடம் கேட்டு இவற்றைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, பச்சை மீன். புது மீன் கிடைக்கும் ஊரில் இதைவிட நல்ல மாற்று இல்லை. மிளகு, பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை அரைத்துத் தடவி, உப்பை மிகவும் குறைத்து வறுத்தால் நாக்கு உப்பைத் தேடாது. ஆனாலும் அளவு வேண்டும். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு, டயாலிசிஸ் தொடங்காதபோது, ஒரு நாளைக்குச் சுமார் 48 கிராம் புரதம் போதும். 100 கிராம் மீனிலேயே 18 முதல் 20 கிராம் கிடைத்துவிடும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ புரதம் இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஒரே நோயாளிக்கே விதி மாறுகிறது, பாருங்கள்! பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவதைப் பார்த்துச் சாப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

இரண்டாவது, டாக்டர் அனுமதித்தால் எப்போதாவது ஒரு சிறு துண்டு கருவாடு. அதை வெந்நீரில் ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் ஊறவைத்துக் கொட்ட வேண்டும். உப்பு குறையும், முழுவதும் போகாது. ஆகவே குழம்பில் தனியாக உப்புப் போடக் கூடாது. அன்று ஊறுகாய், அப்பளம் கிடையாது. பாஸ்பரஸ் கழுவினாலும் பெரும்பாலும் போகாது என்பதால் துண்டு சிறியதாகவே இருக்க வேண்டும். சுட்டுத் தின்பதைவிடக் கத்தரிக்காயோடு குழம்பில் போட்டால் ஒரு துண்டின் மணமே ஒரு சட்டிக்குப் போதும்.

மூன்றாவது, வீடு முழுவதும் உப்பைக் குறைப்பது. பெரியவருக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால் அவர் தண்டனை பெற்றவர்போல் உணர்கிறார். எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட்டால் அவர் வீட்டு மனிதராகவே இருக்கிறார். மகனுக்கும் பேரனுக்கும் அது நல்லதே.

இதற்கு ஒரு சோதனை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 20 கிராம் உப்பு. அப்படியானால் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். வருகிறதா? சமையல் உப்புப் பாக்கெட் இருபது நாளில் தீர்ந்தால், யாரைக் குறை சொல்வது?

போலி நண்பர்கள்

இன்னும் சில எச்சரிக்கைகள்.

"இந்துப்பு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்" என்று சிலர் சொல்லுவார்கள். நம்ப வேண்டாம். இந்துப்பும் உப்புதான்.

"சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து. பொட்டாசியம் தேங்கினால் இதயமே நின்றுவிடக்கூடும். 2025-இல் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கி வைத்தது.

உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீரை ஊற்றிக் கொடுப்பதும் இதே காரணத்தால் ஆபத்தாக முடியலாம்.

டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி

எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிடுவது நியாயம் ஆகாது.

"கொஞ்சம் சாப்பிடலாம் என்று சொன்னால், நிறையச் சாப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் அடியோடு தடுக்கிறோம்" என்பது டாக்டர்கள் தரப்பு வாதம். அதில் உண்மை உண்டு. உடல் வீங்கி, மூச்சு முட்டும் நிலையில் இருப்பவருக்குத் தடைதான் மருந்து. அங்கே தாட்சண்யம் கூடாது.

ஆனால் எல்லா நோயாளியும் அந்த நிலையில் இல்லை. தொடக்க நிலையில் இருப்பவரிடம் டாக்டரும் நர்சும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "உங்கள் வீட்டில் தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" விடை தெரிந்தால்தான் எதைக் குறைப்பது என்று சொல்ல முடியும். ஓட்ஸ் கஞ்சியும் ஆப்பிளும் அச்சிட்ட உணவுப் பட்டியலை ஒரு மீனவப் பெண்ணின் கையில் கொடுத்து என்ன பயன்? நெத்திலியும் வாளையும் பழைய சோறும் உள்ள பட்டியல் வேண்டும். படம் போட்டு, பெரிய எழுத்தில், ஒரே தாளில் வேண்டும்.

இது செய்ய முடியாத காரியம் அல்ல. சென்னையின் புகழ்பெற்ற சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணி, நகருக்கு அருகே உள்ள கிராமங்களில் இதற்கு ஒரு வழி காட்டினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரையும் இரத்தக் கொதிப்பையும் சோதிக்கச் செய்தார். விலை மலிவான மாத்திரைகளால் சர்க்கரையையும் கொதிப்பையும் அடக்கிச் சிறுநீரகத்தைக் காக்கலாம் என்பதை அவருடைய திட்டம் எடுத்துக்காட்டியது.

தமிழ்நாடு அரசும் 2021-இல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. வீடு தேடி வந்து சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. 2023-இல் சிறுநீரகம் காக்கும் திட்டம் ஒன்றும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரைச் சோதித்து நோயை முன்கூட்டிக் கண்டுபிடிப்பது அதன் நோக்கம். மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிறவர், சமையலறையில் இருக்கும் உப்புச் சாடியையும் கருவாட்டுப் பானையையும் பற்றி இரண்டு வார்த்தை பேசினால் என்ன? அரசுக்கு அதிகச் செலவு இல்லை.

வலிக்காத நோய்

இந்த நோயின் பெரிய சூது என்னவென்றால், தொடக்கத்தில் வலிக்காது. வலை இழுப்பவர் இழுத்துக்கொண்டே இருப்பார். கால் வீங்கும்போதுதான் ஆஸ்பத்திரியை நினைப்பார். அதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும்.

சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் சோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது.

தோணியில் ஓட்டை விழுந்தால் மீனவர் கடலுக்குள் போன பிறகா அடைக்கிறார்? கரையில் இருக்கும்போதே தட்டிப் பார்த்து அடைக்கிறார். உடம்பையும் அப்படித் தட்டிப் பார்க்கட்டும்.

அந்த மாமனாருக்கும் வழி இருக்கிறது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருமகள் வாய் திறந்து கேட்கட்டும்: "கருவாடு வேண்டாம்னு சொன்னீங்க, சரி. அவர் கஞ்சிக்கு நான் என்ன வைக்கட்டும்?"

அந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்லும் டாக்டர், மருந்தில் பாதியைக் கொடுத்துவிட்டார்.